பஞ்சாரம் வேண்டாத வாசல்

1964 மார்ச். ஹட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டம். காலை முழுவதும் வானம் தெளிவாக இருந்தது. கழுகு ஒன்றும் தென்படவில்லை.

1948 முதல் ஆண்டுதோறும் தோட்டத்துக்கு மேலுள்ள அதே பாறையிலிருந்து நானும் என் மனைவியும் கழுகுகளை எண்ணிவந்தோம். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவள் நோயுற்றுப் படுத்திருந்ததால் அவ்வாண்டு அவளுடைய பைனாகுலருடன் தனியே சென்றேன். "ஒரு ஜோடியாச்சும் இருக்கும், பாத்துட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தாள்.

இறங்கும் வழியில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் கோழிக்குஞ்சுகள் திறந்தவெளியில் மேய்ந்தன.

"பஞ்சாரக் கூடையப் போட்டு மூடலையா, முத்தம்மா?"

கொழுந்தெடுக்கும் முத்தம்மா சிரித்தாள். "எதுக்குங்க ஐயா? தூக்கிட்டுப் போறவனதான் காணோமே! பஞ்சாரத்த அடுப்புல வச்சு எரிச்சிட்டேங்க."

அவள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்க, நான் வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அம்மாதமே இறந்துபோனாள்.

நான் இன்றுவரை செய்யாமல் விட்டவை:
எதிர்மலையிலிருந்தும் ஒருமுறை பார்ப்பது.
கழுகுகள் ஏன் குறைந்தன என விசாரிப்பது.
அவளுடைய பைனாகுலரை உறையிலிட்டு மூடுவது.