பேர் சொல்லாமல் சொன்னது

எங்கள் பக்கத்தில் வாழ வந்த மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. சம்பங்கித் தோட்டத்து வீட்டுச் சின்ன மருமகள், பால் வண்டிக்காரர் சம்சாரம், இப்படித்தான் சொல்வோம். அதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அகரம் பக்கத்து அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடமாக டீச்சராக இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

திண்டுக்கல்லில் மூன்று நாள் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று சொல்லித் தருவார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனை மாமியார் மருமகள் சண்டையை இந்த வாயாலேயே தீர்த்திருக்கிறேன்! சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். "புத்திமதி சொல்லாதீங்க. குறுக்க பேசாதீங்க. அவங்க சொன்னதையே நீங்க திருப்பிச் சொல்லிப் பாருங்க" என்றாள்.

"அதுக்கு ஒரு கிளியப் பிடிச்சு உக்கார வைக்கலாமே" என்று பக்கத்தில் முணுமுணுத்தேன். எங்கள் வரிசையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

இரண்டாம் நாள் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்கள். ஒருத்தி கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும். "உங்க சொந்தக் கஷ்டமா, சின்னதா ஒண்ணு சொல்லுங்க. அடுத்தவங்க பேரை மட்டும் எடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். என் சொந்தக் கஷ்டம் முட்டிவலி. அதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நன்றாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எனக்கு ஜோடியாக வந்தவள் தாடிக்கொம்புப் பக்கத்தில் சுகாதாரத் தன்னார்வலராக இருப்பவள். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். அதிர்ந்து பேசமாட்டாள். அவளிடம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் பிழைத்ததே பெரிது. மாமியாருக்கோ பேரன் வேண்டும். "இப்ப என்னால ஏலாது டீச்சர்" என்று என்னிடம் வந்து அழுதாள். பிள்ளைக்குத் தடுப்பூசி என்று வீட்டில் சொல்லிவிட்டு, நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் காப்பர் டி வைத்துக் கூட்டிவந்தேன். புருஷனுக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையை எடுத்துத் தன் சின்ன மகள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

இந்தச் சத்தியத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். கதைக்கு அது நன்றாக இருந்தது.

அவள் என்னமாய்க் கேட்டாள்! "அந்தப் பொண்ணுக்கு ரொம்பப் பயமா இருந்திருக்கும்லக்கா" என்றாள். அப்படி ஒருத்தி கேட்டால் வாய் நிற்குமா? சம்பங்கித் தோட்டம், புருஷன் ஓட்டுகிற பால் வண்டி, பேரன் பிறக்க வேண்டுமென்று சனிக்கிழமை தவறாமல் துளசி மாலையோடு பெருமாள் கோயிலுக்குப் போகிற மாமியார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பேரை மட்டும் சொல்லவில்லை. சட்டப்படி நடக்கிறேனாம்.

அவள் 'ம்' கொட்டுவது நின்றுபோனது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "அக்கா, அந்த மாமியாருக்கு வலது கையில ஆறு விரலா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்க பெரியம்மா."

அடியாத்தி! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, கெடப்போவது அந்தப் பெண்ணின் குடித்தனம் அல்லவா? டீயும் வடையும் வந்தன. வடையை அப்படியே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாயி, யாருகிட்டயும் சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன்க்கா. இங்க கேட்டதை இங்கயே விட்டுட்டுப் போகணும்னுதானே காலையில சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். குத்திக் காட்டவில்லை. பாடத்தைக் கவனித்தவள் சாதாரணமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் எனக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கப் போனபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு அந்த மாமியார் சத்துமாவு வாங்க வரும்போதெல்லாம் என்ன கேட்கப்போகிறாரோ என்று முகத்தைப் பார்க்காமலே பொட்டலத்தை நீட்டுவேன். அவர் பாட்டுக்கு வந்தார், வாங்கினார், போனார். இரண்டு மாதமாகியும் ஒரு பேச்சும் கிளம்பவில்லை. தப்பித்தோம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் மதியம் அந்தப் பெண்ணே வந்தாள். மடியில் கட்டிவந்த சம்பங்கியை மேசைமேல் வைத்தாள். சின்னவள் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. "உங்ககிட்ட மட்டுந்தான் டீச்சர் மனசு விட்டுப் பேச முடியுது" என்றாள்.

அதற்குமேல் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றால், என் வாயிலிருந்து முதலில் வந்தது, "நான் உன் பேரைச் சொல்லலம்மா" என்பதுதான். மன்னித்துக்கொள் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. வெட்கங்கெட்ட வாய்.

முழுவதையும் கேட்டு முடித்தாள். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"இந்த ஊர்ல என்னைய யாரு டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?" என்றாள்.

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"அந்த அக்கா இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொல்லலம்மா."

"அவங்க யாரு தலையிலயும் கை வச்சுச் சத்தியம்கூடப் பண்ணலையே டீச்சர்" என்றாள். என் மடியில் இருந்த சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.