அதிகாரம் இல்லாத தீர்ப்பு

எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த இராணுவம் எனக்கு மூன்று மாதத் தண்டனை தந்தது. ஊரடங்கு நேரத்தில் மனைவிக்கு மருந்து வாங்கப் போனதுதான் குற்றம். பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரி எனக்கு விளங்காத மொழியில் ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று மாதம் அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து விடும்போது, தண்டனை முடிந்ததென்று முத்திரை குத்திய கடதாசி ஒன்றும் தந்தார்கள்.

பிறகு மனைவியைக் கொழும்பில் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது அந்தக் கடதாசியைச் சாட்சியாகக் கொடுத்தேன். அதுவே எனக்கு எதிராகத் திரும்பியது. நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தவரை அகதியாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது.

லண்டன் ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இலவசச் சட்ட உதவி நிலையம் இருந்தது. வழக்கறிஞர் ஓர் ஆங்கிலேயப் பெண். அன்று தடிமனோடு மூக்கைத் துடைத்தபடியே இருந்தார். மொழிபெயர்க்க மன்னாரைச் சேர்ந்த ஒரு தாதி வந்திருந்தார். வயதில் யார் மூத்தவரென்று நாங்கள் கேட்டதில்லை. நான் அக்கா என்றேன், அவர் அண்ணை என்றார்.

"எத்தனை நீதிபதிமார் இருந்தவையெண்டு கேக்கிறா."

"ஒராள்தான், அக்கா."

"குற்றத்தைத் தமிழில எழுதித் தந்தவையோ? உங்களுக்காக ஆரும் கதைச்சவையோ?"

"இல்லை. ஆர் கதைக்கிறது?"

வழக்கறிஞர் போர்க்காலச் சட்டங்கள் பற்றிய தடித்த புத்தகமொன்றைத் திறந்து நெடுநேரம் பேசினார். அக்கா அவரை இடையில் நிறுத்தி, ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடி யோசித்தார்.

"அண்ணை, பிடிச்ச இடத்தில இராணுவம் நீதிமன்றம் வைக்கலாமாம். ஆனா அதுக்கு முறை இருக்காம். குற்றத்தை உங்கட பாசையில தரவேணும், எதிர்த்துக் கதைக்க விடவேணும். அந்த மனுசன் தனிய இருந்து தண்டனை தர அவருக்கு அதிகாரமே இல்லையாம். நீங்கள் குற்றவாளி இல்லை."

அதுவரை வேலை விண்ணப்பங்களில், தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றே எழுதி வந்தேன். அதனால் சில வேலைகள் கைநழுவிப் போயின. ஆனாலும் அது உண்மையென்றே நம்பியிருந்தேன்.

மேன்முறையீட்டில் வழக்கறிஞர் அதே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். விசாரித்த நீதிபதி ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் என் பதில்களை எழுதிக்கொண்டார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. திறக்கத் துணிவில்லாமல் அக்கா வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வார்டு வாசலில் நின்று வாசித்தார்.

"நீங்கள் இஞ்சயே இருக்கலாமாம், அண்ணை. அந்தத் தீர்ப்பைத் தீர்ப்பெண்டே எடுக்கேலாதாம்."

என்னோடு வந்த நாட்களிலெல்லாம் அவர் இரவு ஷிப்ட் முடித்து நித்திரையில்லாமல் வந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொரு தாதி சொல்லித்தான் அது தெரிந்தது. நான் நன்றி சொல்லத் தொடங்கினேன்.

"கொழும்பில மனிசி காத்துக்கொண்டிருப்பா. முதல்ல அவவுக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா வார்டுக்குள் போனார்.