பாங்கு விலை

இயற்கை உணவுக் கடை என்று போர்ட் போட்டாலே ஆனை விலை குதிரை விலைதான். ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறவன் நானில்லை. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற அந்தக் கடைக்கு நான் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே போவேன். கடைக்காரப் பெண்ணுக்கு ஊர் குறிஞ்சாக்கேணி. காலை பஸ்ஸில் கீரையும் வல்லாரையும் முருங்கையிலையும் கொண்டுவந்து இறக்குவார். ஜும்ஆத் தொழுகைக்காக மத்தியானம் பூட்டினால் பின்னேரம்தான் திறப்பார். அதற்குள் இலையெல்லாம் வாடிவிடும். அதனால் பள்ளியில் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். கூடவே கிழமைக்கு ஒரு சாமானுக்கு விலைக் கழிவும் உண்டு. ஒருமுறை சிவப்புப் பச்சையரிசி, இன்னொருமுறை குரக்கன் மா. இதற்கு நான் வைத்திருந்த பெயர் பாங்கு விலை.

பொறுத்தார் பூமி ஆள்வார். வேளைக்கே போய், தேன் போத்தல்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் கதிரையில் குந்திக்கொள்வேன். வெயில் போத்தல்களுக்குள்ளால் புகுந்து நிலத்தில் மஞ்சளாய் விழும். மின்விசிறி சுற்றும். எங்கேயோ கப்பலொன்று ஊதும். நல்லெண்ணெய் மணத்தில் கண் சொருகும்போது, அடுத்த தட்டில் என் மனைவி பயறு பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். “இதில கல்லு கிடக்கு, வேண்டாம்” என்பாள். கண்ணைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் போன பிறகு நான் நிம்மதியாகத் தூங்கிய இடம் அந்தக் கதிரை மட்டும்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாயில்லாத வீட்டுக்கு வர மகள் தயங்கினாள். “நானிருக்கிறன், வா” என்று வீரம் பேசிக் கூப்பிட்டேன். பெண்குழந்தை பிறந்தது. ஆனால் மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றை அளைந்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். பால் போதாமல் குழந்தை வீரிட்டு அழும். குடும்பநல மாது வந்து நிறுத்துப் பார்த்து, “நிறை கூடேல்ல. வாற கிழமையும் இப்படியெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சமைக்காமல் இருக்கவில்லை. குரக்கனுக்குக் கழிவு போட்ட கிழமை மூன்று வேளையும் குரக்கன்தான்.

“எனக்கு எது பிடிக்கும் எண்டு நீங்கள் பாக்கிறேல்ல அப்பா, எதுக்குக் கழிவு எண்டுதான் பாக்கிறீங்கள்” என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்தால் பசியும் எடுக்கும், பாலும் ஊறும் என்பார்கள். அடுத்த வெள்ளி அதற்காகவே போனேன். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு என்று வரிசையாய்ச் சொன்னேன்.

“திப்பிலி இப்ப வேண்டாம். அதுக்குக் கழிவு வரட்டும்.”

கடைக்காரப் பெண் நிறுப்பதை நிறுத்தினார். “ஆருக்கு ஐயா இந்தச் சரக்கு?”

“மகளுக்கு. பிள்ளை கிடைச்சிருக்கு.”

“அப்ப இதுக்குக் கழிவு இல்ல.”

“மல்லிக்குக் கழிவு எண்டு போர்டில எழுதிக் கிடக்கே!”

“கிடக்கட்டும். பிள்ளை பெத்தவட சரக்குக்கு நாங்க விலை குறைக்கிறேல்ல. குறைச்சு வாங்கினாப் பாலும் குறையும் எண்டு எங்கட உம்மா சொல்றவ.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நல்ல யாவாரம்! “அப்பிடியெண்டால் நான் வேற இடத்தில வாங்கிறன்” என்று எழும்பினேன்.

“வாங்குங்க. ஆனா ஆர் வறுத்து இடிக்கிறது? வீட்டில அவங்க இருக்காங்களா?”

“அவ மோசம் போயிட்டா. நான்தான் எல்லாம்.”

அவர் திப்பிலியையும் அள்ளி நிறுத்துப் போட்டார். கடைக் கதவைப் பாதிக்குச் சாத்திவிட்டு, பின்னால் போய் அடுப்பை மூட்டி வறுக்கத் தொடங்கினார். மல்லி முதலில் மணத்தது, பிறகு சீரகம், பிறகு மிளகு. பள்ளியில் பாங்கு சொன்னார்கள். தலைச்சீலையை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு மற்றக் கையால் கிண்டிக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியாது. இடித்த தூள் சூடாறாமல் கைக்கு வந்தபோது, முழு விலையையும் வாய் திறக்காமல் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது.

வருகிற வழியில் பால்சுறா வாங்கிக் கறி வைத்தேன். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“இது அம்மாட கறி மாதிரி இல்ல.”

“ஓம் பிள்ளை.”

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ அப்பா.”

அதற்குப் பிறகு நாள்தோறும் அந்தக் கறியைத்தான் கேட்டாள். ஒருநாள் பின்னேரம் நான் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அறைக்குள் குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. பதறிப்போய் ஓடினேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாயோரத்தில் பால் வழிந்துகொண்டிருந்தது.

“ஒண்டுமில்லை அப்பா, பால் கூடிப் புரைக்கேறிப் போச்சு” என்றாள். பிறகு குழந்தையின் உச்சியில் மெல்லத் தட்டி, “ஆரோ உன்னை நினைக்கினம் போல, என்ன?” என்று கேட்டாள்.

யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். பேத்தியைக் காணாமலே போனவள். நான் குசினிக்குத் திரும்பிப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு அழுதேன்.