லாபம், ஒண்ணு, ரெண்டு

அந்தத் தாள் மழைக்காலத்தில் வியர்க்கும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. லத்தீன் பாட்டு ஒன்று அதில் தமிழ் எழுத்தில் இருக்கிறது. உப்பளத்துக் கையில் மாதக்கணக்கில் கிடந்ததால் உப்பு ஏறிவிட்டது. ஈரக்காற்று பட்டால் இன்றைக்கும் பிசுபிசுக்கிறது. முதல் சொல்லுக்கு முன்னால் பென்சிலில் ‘லா’ என்று ஓர் எழுத்து. அதையடுத்து எட்டுக் கோடுகள். ‘லா’வின் மேல் மட்டும் ஒரு குறுக்குக் கோடு அடித்திருக்கிறது. அது எப்போது விழுந்தது என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

தாள் மேஸ்திரியுடையது. மரக்காணத்து உப்பளத்தில் நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவர். நான் அங்கே சாக்கு தைக்கும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் பாடல்குழுவில் கட்டைக்குரல் எங்கள் இருவருக்கும்தான் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். சுனாமி அலை வந்த அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், அவர் மனைவி குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார். கூடை கிடைத்தது. அந்த அம்மா கிடைக்கவில்லை.

உதவிக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகும், குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி ஒருவர் சனிக்கிழமைதோறும் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். வருஷ நினைவுப் பூசைக்குத் தம் நாட்டுப் பாட்டு ஒன்றைச் சொல்லித் தருவதாகச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாதிரியாரின் பாட்டு. சிறுவயதில் கோயிலில் பாடி வளர்ந்தவராம். ரோமுக்குப் போய்ப் படித்துப் பேர் வாங்கியவராம். அந்தப் பேரை அங்கேயே விட்டுவிட்டு நாடு திரும்பி, கன்னியர் மடத்தில் ஒதுங்கியிருந்த விதவை அரசிக்குக் குருவாக இருந்தார். கடவுளுக்கு அல்லாமல் வேறெதற்கும் ஒரு வரி எழுதாதவர். அரசி இறந்தபோது ஆறு குரல்களுக்கு ஒரு சாவுப் பூசை எழுதினார். அதன் பிறகு பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. சாகும்வரை அதே மடத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆறு குரலை நாலாகச் சுருக்கி, தொடக்கத்தை மட்டும் எங்களுக்குத் தந்தார் அந்த ஸ்பெயின் அம்மா. எங்கள் பாட்டுகளில் சேர்ந்தே ஏறுவோம், சேர்ந்தே இறங்குவோம். இது அப்படியில்லை. ஓடைத்தண்ணீர் ஒரு பாத்தியில் ஏறி நிற்கும்போதே அடுத்த பாத்திக்குக் கசிய ஆரம்பிக்குமே, அதுபோல ஒரு குரல் முடியுமுன் இன்னொன்று நுழைந்துவிடும். யார் பாடுவது, யார் பின்னால் பாடுவது என்று தெரியாது. தொலைந்துபோன மாதிரி இருக்கும்; திடீரென்று நாலு குரலும் ஓரிடத்தில் சந்திக்கும்போது, தொலைந்தது நாம்தானா என்று சந்தேகம் வரும்.

கட்டைக்குரல் எட்டு எண்ணிவிட்டு நுழைய வேண்டும். மேஸ்திரி எப்போதும் ஒன்பது போன பிறகுதான் நுழைவார். அவரைப் பார்த்து நானும்.

“களத்துல ஒரு நிமிசம் லேட்டுன்னா எங்கள அந்தத் திட்டு திட்டுறீங்க. கோயில்ல நீங்கதான் மேஸ்திரி லேட்டு” என்றாள் உப்பு சுமக்கும் பெண்ணொருத்தி. குழுவே சிரித்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் களத்தில் கூடை எண்ணும்போது முதல் கூடைக்கு ‘லாபம்’ என்பார்கள். அது சாமிக்கு, எண்ணிக்கையில் சேராது. ஒண்ணு அடுத்த கூடையில்தான் பிறக்கும். மேஸ்திரியின் வாய் நாற்பது வருஷமாக அப்படியே பழகிவிட்டது.

“மேஸ்திரி, லாபம் வேணாம். ஒண்ணு, ஒண்ணு” என்று கெஞ்சினார் அந்த அம்மா.

“லாபம் சொல்லாம எப்படிம்மா எண்ண ஆரம்பிக்கிறது?”

ஒரு சனிக்கிழமை பாட்டுக்கு அர்த்தம் கேட்டார் மேஸ்திரி. இறந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்கும் பாட்டு என்று அந்த அம்மா சொன்னார். மேஸ்திரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ராணியம்மா ஒடம்பு கெடச்சுதுங்களா?”

“கெடச்சுது. மடத்துலயே பொதச்சாங்க.”

“அப்ப அந்தப் பாதிரியாரு எழுதலாம்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பூசையன்று கோயில் நிரம்பி வழிந்தது. நடுவில் வெறும் சவப்பெட்டி ஒன்றைக் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், கிடைக்காதவர்களுக்காக. பெண்குரல் தொடங்கியது; அடுத்தது சேர்ந்தது; மூன்றாவதும் சேர்ந்தது. மேஸ்திரியின் விரல்கள் வேட்டியின் மேல் எண்ணிக்கொண்டிருந்தன. எட்டு போயிற்று. வழக்கமான ஒன்பதும் போயிற்று. பத்து. அவர் வாய் திறக்கவில்லை. கண் பெட்டியின் மேல் இருந்தது. அடியில் ஆளில்லாமல் மற்ற மூன்று குரல்களும் ஆடத் தொடங்கின. பயத்தில் நான் தனியாக நுழைந்துவிட்டேன். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமா, நன்றியா, எதுவுமே இல்லையா, அந்தப் பார்வையை எதில் சேர்ப்பது என்று தெரியாமலே பாடி முடித்தேன்.

வெளியே வந்ததும் செருப்பைத் தேடியபடி சொன்னார்: “நீ பாடிட்டல்ல. போதும்பா.”

சில வாரம் கழித்து, புது வருஷத்தில் உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கியபோது, கொட்டகைக்கு வந்து இந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ‘லா’ அதற்குள் அடிபட்டிருந்தது. பூசைக்கு முன்பே அடித்திருந்தால், சரியான இடம் தெரிந்தும் வேண்டுமென்றே வாய்மூடி நின்றிருக்கிறார். அவர் பாட மறுத்த சாவை நான்தான் பாடியிருக்கிறேன். பிறகு அடித்திருந்தால், சொல்ல மனமில்லாமல் நின்றவர், தனியே உட்கார்ந்து ஒருநாள் அந்தச் சாவை ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்டிருக்கலாம். அவர் இருந்தவரை தினமும் பார்த்தேன், கேட்கவில்லை.

இப்போது அந்தப் பாதிரியாரின் பாட்டு போனிலேயே கிடைக்கிறது. ஏதோ பெரிய தேவாலயத்தில், பிசிறில்லாத குரல்கள். தாளை எதிரே விரித்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். கட்டைக்குரல் நுழையும் இடம் நெருங்கும்போது என் வாய் தானாக ஆரம்பிக்கிறது: லாபம், ஒண்ணு, ரெண்டு. அவர்கள் சரியான இடத்தில் நுழைந்துவிடுகிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.