வலது கைச் சோறு

கொளஞ்சியப்பனைப் போலக் கோடாலி பிடிக்க ஆள் கிடையாது என்று நாலு பேர் உசுப்பேற்றினார்கள். அதுதான் வினை. எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் நடந்ததே, அதன் முதல் நாள் மூங்கில்துறைப்பட்டு ரோட்டுப் புளியமரத்தில் ஏறினான். பெரிய கிளை ரோட்டின் குறுக்கே விழுந்தது. பின்னாலேயே அவனும் விழுந்தான். வலது முழங்கை மைல்கல்லில் மோதி உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? அவன் வெட்டிய கிளையே வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டினாலும் மற்றவர்கள் வெட்டியது எத்தனையோ! ஏழு நாளும் முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணிக்கட்டோடு வீட்டில் துடித்தான். நான் பக்கத்து வீட்டுக்காரி. அந்த முனகல் ராத்திரியெல்லாம் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

எட்டாம் நாள் பஸ் ஓடியதும் அவன் மனைவி அமிர்தம் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள். முழங்கை முனை எலும்பு துண்டாகி மேலே ஏறியிருந்தது. ஆபரேஷன் செய்து, இரண்டு கம்பியைச் செருகி, மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். "சொல்லிக்கொடுத்தபடி தினமும் மடக்கி நீட்டணும். சும்மா வச்சிருந்தா விறைச்சிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஊரில் யார் கேட்டோம்? கட்டுப் போட்ட எலும்பை அசைப்பார்களா என்று ஆளாளுக்கு அதட்டினோம். அதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அமிர்தம் பயந்துபோய்த் துண்டால் அவன் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். தையல் பிரிக்கும் நாளையும் தள்ளிப்போட்டாள். இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தின்றான்.

மூன்று வாரம் கழித்து அவர்களுக்குத் துணையாக நானும் போனேன். நர்ஸ் லூசி துண்டை அவிழ்த்தாள். கை மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினாள்.

அமிர்தம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழ மாட்டாளா? மார்கழி பிறந்தால் கரும்பு வெட்டு. மேஸ்திரி கண்ணாயிரம் தனி ஆளைச் சேர்ப்பதில்லை, ஜோடியாகத்தான் சேர்ப்பார். ஒருவர் வெட்ட வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். அவன் கை போனால் அவளுக்கும் வேலை இல்லை.

லூசிக்குக் கோபம் இறங்கியது. அவளும் சங்கராபுரம் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண்தான்.

"கரும்புக்கட்ட எதுல கட்டுவ?"

"தோகைய முறுக்கிக் கட்டுவேங்க."

"தூக்கும்போது கட்டு இன்னா ஆவும்?"

"இன்னும் இறுகுங்க."

"இதுவும் அப்படித்தாம்மா. மடக்குனா கம்பி எலும்ப இறுக்கிப் புடிக்கும். பிரிஞ்சி போவாது."

டாக்டர் சொல்லி ஏறாதது அமிர்தத்துக்கு இதில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பூனை எடுத்து ஒளித்து வைத்தாள். சோற்றை உருட்டி அவன் வலது கையில் வைத்தாள்.

"வாய்க்கு எட்டலடி."

"எட்ற வரைக்கும் மடக்குய்யா. நீட்டு, மறுபடியும் மடக்கு. அப்புறம் நானே ஊட்டறேன்."

முதல் நாள் கை வயிற்றைத் தாண்டவில்லை. பல்லைக் கடித்து மடக்குவான், கண்ணில் நீர் வழியும். "கொலகாரி" என்று திட்டுவான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கொள்வேன். தீபாவளிக்கு மார்பு வரை வந்தது. கார்த்திகைத் தீபத்துக்கு மோவாயைத் தொட்டது. மார்கழி வந்தும் வாய்க்கு நாலு விரற்கடை பாக்கி.

கண்ணாயிரம் வாசலில் வந்து நின்றார். "மில்லுலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சி. நாளைக்கிக் காலையில ஜோடி வர்தா, இல்லியா?"

சாப்பாட்டு நேரம். வழக்கம்போல அமிர்தம் அவன் கையில் உருண்டையை வைத்தாள். கொளஞ்சியப்பன் மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தான். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. தலையைக் குனியாமலே சோறு வாய்க்குள் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

"வர்றோங்க" என்றான், மென்றுகொண்டே.

அடுத்த உருண்டையை அவனே பிடித்து அவள் பக்கம் நீட்டினான். கை முழுசாக நீளவில்லை, ஒரு சாண் குறைவாக நின்றது. அமிர்தம் நகர்ந்து வந்து வாயைத் திறந்தாள்.