ஏரிக்குள் நெட்டி வெட்ட வந்தவர்கள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. சம்பா நட்டு, பயிர் பச்சை பிடிக்கிற நேரம். பூதலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலை ஏரிக்கரையை ஒட்டித் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஒரு மொபெட் நிற்பதை வயலில் இருந்தபடியே பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கரையில் நின்று ஏரியை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு மூங்கில் கழியை அங்கங்கே ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் சிலர் வந்தார்கள். நிலத்தடி நீரைச் சோதிக்கிறோம் என்றார்கள். போன பிறகு பார்த்தால் வயலில் மஞ்சள் கல் நட்டிருந்தது. பூமிக்கடியிலிருந்து கேஸ் எடுக்க இடம் பார்த்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஊரே சாலையில் உட்கார்ந்த பிறகு கற்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போதாததற்கு நான் குவைத்துக்குப் போய் வந்தவன். ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லி அனுப்பிய ஏஜென்ட் என்னை சிமென்ட் மூட்டை தூக்க விட்டான். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பதை முதுகால் படித்தவன் நான்.

வரப்போடு நடந்து கரைக்குப் போனேன்.

"யாரும்மா நீங்க? என்ன பாக்கறீங்க?"

"தஞ்சாவூருங்க. நெட்டி வெட்ட வந்தோம்."

"நெட்டி எதுக்கு?"

"கோயில் பண்றதுக்குங்க."

நெட்டி எனக்குத் தெரியாததல்ல. தண்ணீரில் வளரும் செடி, தண்டைச் சீவினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல இருக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் அதைத்தான் மாலையாகக் கட்டுவோம். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஏரிச் செடியில் கோயில் கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? சிரித்தபடி தலையாட்டிவிட்டு, அவர்களையும் வண்டி எண்ணையும் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'ஏரியில் அளக்கிறார்கள்' என்று மட்டும் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதற்குள் அந்தக் கணவர் இரண்டு பெரிய கட்டு தண்டு வெட்டிக் கரையேற்றியிருந்தார். யாரோ அந்த அம்மாளின் பையை வாங்கி மண்ணில் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், மெல்லிய கத்தி, ஒரு நோட்டு. நோட்டைத் திறந்ததும் எங்கள் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு அளவுகள். 'முதல் நிலை', 'இரண்டாம் நிலை' என்று எழுதி, பக்கத்தில் எண்கள்.

"இது கோபுரத்தோட அளவு தம்பி" என்றார் கணவர். "சின்னதா பண்ணி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்போம்."

"போன தடவை வந்தவங்களும் நல்லாத்தான் கதை சொன்னாங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

அந்த அம்மாள் குனிந்து பொருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். விசாரிக்கும் வரை கட்டுகள் சமுதாயக் கூடத்தில் இருக்கட்டும் என்று முடிவானது. சாவி என்னிடம் வந்தது. கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு துண்டுத் தாளில் முகவரியும் போன் நம்பரும் எழுதி என் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கே வெயில்ல காயப் போட்டுடுங்க. ஈரத்தோட கிடந்தா கறுத்துடும்."

அந்த முகவரியும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சட்டைப் பையில் செருகினேன். கட்டுகளைக் கூடத்துக்குள் போட்டுப் பூட்டினேன். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது முழுக் கதையையும் மனைவியிடம் சொன்னேன். அதுவரை 'சர்வேக்காரங்க வந்தாங்க' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நெட்டியில கோயில் பண்ணுவாங்களே. எங்க சித்தப்பா வீட்டு ஷோகேஸ்ல பெரிய கோயில் இருக்கே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"தந்தம் மாதிரி ஏதோ பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன்."

கையைக் கழுவிவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. தண்டு முழுக்கக் கறுப்புத் திட்டு. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளேயும் பழுப்பேறியிருந்தது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் தஞ்சாவூர் போனேன். முகவரி உண்மையாகத்தான் இருந்தது. முன்னறையில் மேசை மேல் பாதிக் கோபுரம் நின்றது. அரிசி அளவுக்குச் சிறிய தூண்கள், அதைவிடச் சிறிய மாடங்கள். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இங்கயும் வந்துட்டீங்களா? வீட்டையும் போட்டோ எடுக்கணுமா?"

"கட்டு கறுத்துப்போச்சும்மா. நீங்க சொன்னத நான் செய்யல. தப்பு என்னுது."

அவர் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். கணவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அஞ்சு நிலைக் கோபுரம், கார்த்திகைக் கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும், மூன்று நிலை முடிந்துவிட்டது, வெள்ளைத் தண்டு இல்லாமல் மேலே ஏற்ற முடியாது என்றார். வேறு ஏரிகளில் இந்த வருஷம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறதாம்.

"நீங்க வந்து வெட்டிக்குங்க. ஊர்ல நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"நான் வரமாட்டேன்" என்றார் அந்த அம்மாள். "பத்துப் பேரு நின்னு என் பையக் கொட்டுனீங்க."

அடுத்த நாள் காலையில் நானே ஏரியில் இறங்கினேன். கணவர் போனில் சொன்னபடி பெருவிரலைவிடத் தடிமனான தண்டாகப் பார்த்து வெட்டி, எங்கள் வீட்டு மாடியில் காயப் போட்டேன். மழை தூறினால் மனைவியும் நானும் ஓடி ஓடி எடுத்தோம். நாற்பது தண்டு தேறியதும் கட்டி எடுத்துப் போனேன்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நகத்தால் கீறினார்.

"எந்த ஏரி இது?"

"எங்க ஏரிதாம்மா."

"யாரு வெட்டுனா?"

"நான்தான்."

"எங்கயாவது கழிச்சுப் போட்டத அள்ளிட்டு வந்திருக்கீங்களோன்னு பாத்தேன்."

சுருக்கென்றது. தண்ணீரில் நின்று காலெல்லாம் அட்டை கடித்திருந்தது எனக்கு. அன்று கரையில் எங்கள் முன்னால் அவர்கள் நின்றது போல இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பதில் ஏழு தண்டை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி வைத்தார். இதில் பூச்சி, இதில் நார், இது முற்றாதது.

இன்னும் இரண்டு தடவை வெட்டிக் கொண்டுபோனேன். கடைசித் தடவை இருபதுக்கு மேல் எடுத்துக்கொண்டார். காசு வேண்டாம் என்றபோது மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்கிற பார்வை.

கோபுரம் முடிந்ததும் கணவர் கூப்பிட்டார். மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அஞ்சு நிலையும் கலசமும் பாலில் செய்தது போல நின்றன. மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மேல ரெண்டு நிலையும் உங்க ஊர் ஏரி நெட்டிதாம்மா" என்று அந்த அம்மாள் அவளிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் வரும்போது மனைவிக்கு ஒரே பெருமை. எனக்கு மட்டும் வேறு யோசனை ஓடியது. உண்மையிலேயே அது நான் வெட்டிய தண்டுதானா, இல்லை வேறு எங்கேயோ வாங்கி முடித்துவிட்டு, என் மனைவியின் மனம் கோணக்கூடாது என்று அந்த அம்மாள் சொன்னதா? மூன்றாம் நிலைக்கும் நாலாம் நிலைக்கும் நிறத்தில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். இருந்ததாகவும் தோன்றியது, இல்லாததாகவும் தோன்றியது.