இடுப்பில் கட்டிய கயிறு

பள்ளிக்கூட லீவு விட்டால் எங்கள் முல்லைத்தீவுக் கரையில் தாய்மாருக்குத் தொண்டை கட்டிவிடும். கடலுக்குள் கிடக்கும் பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டே கட்டும். சுனாமிக்குப் பிறகு வந்த ஓகஸ்ட் லீவில் யாருக்கும் கத்துகிற வேலை இருக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் முகாமில் தகரக் கொட்டில்களுக்குள்ளேயே கிடந்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அப்பாவின் கையிலிருந்துதான் நழுவினான் என்று சனம் கதைத்தது. எங்கள் கொட்டிலில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. அப்பா தொழிலுக்குப் போகவில்லை. நானோ பால் விடாத பிளேன்டீயும் பிஸ்கட்டுமாகப் பாயில் சுருண்டு கிடந்தேன். நிறை பார்க்க வந்த மருத்துவமாது தராசைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பிடித்து ஏசினா.

"பிள்ளை ஓடி ஆடித் திரிஞ்சால்தான் பசிக்கும். இப்பிடியே படுக்க விட்டியளெண்டா இதையும் பறிகுடுப்பியள்."

நரம்பில்லாத நாக்கு, எப்படியும் புரளும்.

அடுத்த நாள் காலை அம்மா தண்ணீர் பவுசர் லொறிக்கு வரிசையில் நிற்கப் போன நேரம் பார்த்து, அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றினார். ஓடி விளையாட எத்தனையோ வெளி இருக்க, சைக்கிள் கடலுக்கே போனது. கடல்தொழில்காரன் பிள்ளைக்கு விளையாட வேறு இடம் அவருக்குத் தெரியாது போலும்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம், எங்கள் கரையில் கடல் குளம்போலக் கிடந்தது. தம்பியைக் கொண்டுபோன காலையும் அது அப்படித்தான் கிடந்தது. அப்பா கையோடு கொண்டுவந்த கயிற்றின் ஒரு தலைப்பை என் இடுப்பில் கட்டினார். மறு தலைப்பைத் தன் இடுப்பில் சுற்றினார். காலமெல்லாம் வலைக்கு முடிச்சுப் போட்ட மனுசனுக்கு இரண்டு தரம் முடிச்சு விழவில்லை.

"அந்தத் தலைப்பை வள்ளத்தில கட்டுங்கோவன் அப்பா." கரையில் ஒரு பழைய வள்ளம் கிடந்தது.

"வேண்டாம்," என்றார்.

முழங்கால் நனைந்தது. பிறகு இடுப்பு, பிறகு அப்பாவின் நெஞ்சு. என்னைக் கையில் ஏந்தியபடி நின்றவர் மாதாவைக் கூப்பிட்டார். பிறகு கையை எடுத்தார். நான் தாழ்ந்து போனேன். மூக்கெல்லாம் உப்பு, காலுக்குக் கீழே மணல் இல்லை. கயிறு இறுகி இடுப்பை வெட்டியது.

"அடி பிள்ளை, கையைக் காலை அடி!"

அடித்தேன். தலை மேலே வந்தது. சில மாதங்களுக்கு முன் மீனாட்டம் நீந்திய உடம்பு, மெல்ல மெல்ல மிதந்தது. சந்தோசம் தாங்காமல் சிரித்துக்கொண்டு அப்பாவைத் தேடினால், அவர் எனக்குப் பின்னால் ஆழ்கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் கரைப்பக்கம் திரும்பும்போது, யாரோ சொல்லி அம்மா வந்துவிட்டா. சேலையோடு தண்ணீருக்குள் ஓடிவந்தா. எனக்கு நல்ல அடி இருக்கிறது என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. அம்மா என் இடுப்புக் கயிற்றைப் பிடித்து, அதன் வழியே கையை ஓட்டிக்கொண்டு போய், அது அப்பாவின் இடுப்பில் கட்டியிருப்பதைக் கண்டா. பிறகு அவரின் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினா.

"ரெண்டு பேரும் போங்கோ. நான் மட்டும் தனியக் கரையில நிண்டு என்ன செய்யிறது?"

தன்னை விட்டுவிட்டு நாங்கள் கடலில் குளிக்க வந்த கோபம் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"நாளைக்கு உங்களுக்கும் ஒரு கயிறு கட்டுவம் அம்மா," என்றேன்.

அம்மா ஓம் என்றுதான் சொன்னா. பிறகு ஏன் இரண்டு பேரும் அப்படிக் குழறி அழுதார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.